அக்காவின் திரையை நான் பார்த்திருந்த காலம்

முதலில் தொலைந்தது மவுஸ் அம்பு.

"அப்பு, அம்பக் காணோம்டா" என்று போடியிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"மவுஸ லேசா ஆட்டுக்கா. எங்கயாச்சும் ஓடுறது தெரியும்."

"ரொம்ப நேரமா ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

சென்னையில் நான் பார்ப்பதும் இதே வேலைதான். முகம் தெரியாத மனிதர்களின் கம்ப்யூட்டருக்குள் இருந்த இடத்திலிருந்தே நுழைந்து, கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வருவது. சம்பளத்துக்குச் செய்வது போக, சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடச் சிநேகிதர்கள், சிநேகிதர்களின் மாமனார்கள் என்று ஒரு கூட்டத்துக்குச் சும்மாவும் செய்துகொண்டிருந்தேன். பிரிண்டர் அசையாது. வீடியோவில் முகம் தலைகீழாகத் தெரியும். யாரோ அனுப்பிய போட்டோ எங்கோ போய் ஒளிந்திருக்கும். பாதிக்கு மேல் "ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்பதிலேயே முடிந்துவிடும். அக்காவிடமும் அதையே சொன்னேன். அணைத்துப் போட்டாள். அம்பு வந்தது. மறுநாள் மறுபடி காணாமல் போனது.

அக்கா வீட்டிலேயே டி.டி.பி. செய்துகொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். கீபோர்டைக் குனிந்து பார்த்து அவள் அடித்து நான் கண்டதில்லை. தெருவில் போகிறவர்களோடு ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே ஒரு பக்கத்தை அடித்து முடிப்பாள். எங்கள் தாய்மாமனுக்குத்தான் அவளைக் கட்டிவைத்தார்கள். மாமா ஜீப்பு ஓட்டுகிறார். விடியும் முன்னால் ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போனால், சாயங்காலம் அவர்களோடு கீழே இறங்குவார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பகல் முழுக்க அக்காவும் கம்ப்யூட்டரும்தான்.

அம்பு மூன்றாவது தடவையும் தொலைந்தபோது, இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைக்கிற மென்பொருளை அவளை விட்டே இறக்கிப் போடச் சொன்னேன். அதைத் திறந்தால் ஒரு எண் வரும். அதை அவள் போனில் வாசிக்க, நான் இங்கே அடித்தால், அவள் திரையில் 'அனுமதிக்கவா?' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதை அமுக்கினால் நான் உள்ளே போய்விடலாம்.

அவள் எண்ணைச் சரியாக வாசித்தாள். ஆனால் பெட்டி வரவேயில்லை என்றாள்.

"வலது பக்கம் கீழ பாருக்கா."

"ஒண்ணுமில்லடா."

"நல்லாப் பாரு. பச்சைக் கலர்ல பட்டன் இருக்கும்."

"கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு? இல்லைங்கிறேன்ல."

பிறகு திடீரென்று, "ஆத்தாடி, இருக்குடா. இப்பத்தான் வந்துச்சு" என்றாள்.

அது இப்போதுதான் வந்ததல்ல. என் பக்கத்திலிருந்து அது எப்போது போனது என்று எனக்குத் தெரியும். அவள் பார்வை அங்கே போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

உள்ளே போய் அம்பைப் பெரிதாக்கினேன். கறுப்பு நிறம் கொடுத்தேன். போகிற பாதையில் வால் மாதிரி கோடு விழும்படி செய்தேன். எழுத்துகளையும் பெரிதாக்கினேன். அதோடு சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

"பெருசாக்காதடா. ஒரு எழுத்துக்கு மேல தெரிய மாட்டேங்குது. சின்னதாக்கு. முன்ன இருந்ததவிடச் சின்னதாக்கு."

இத்தனை வருடத்தில் நான் உதவி செய்த அத்தனை பேரும் எழுத்தைப் பெரிதாக்கித்தான் கேட்டிருக்கிறார்கள். சின்னதாக்கச் சொன்ன ஒரே ஆள் அக்கா. சின்னதாக்கிவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். அவர் ஜீப்பில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது.

"மாமா, அக்கா நடக்கும்போது எதுலயாவது இடிச்சுக்குதா?"

அவர் கொஞ்சம் தள்ளி வந்து பேசினார். "முழங்காலு பூராம் காயந்தான் மாப்ளே. கட்டிலு காலு, நெலப்படி, வாளி. கேட்டா வெளிச்சம் பத்தலைங்கிறா. பொழுது எறங்குனா வெளிய வர்றதே இல்ல."

பொழுது இறங்கினால் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சரியாகத் தெரியாது. மாலைக்கண் என்று சொல்லி அம்மா முருங்கைக்கீரையாகப் போட்டாள். சினிமா பார்த்துவிட்டு வரும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அதை ஒரு வியாதியாக எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை. அவளுடைய சுபாவம் என்றே இருந்துவிட்டோம்.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். ரயிலில் போகவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. பல வருடமாக நின்றுபோயிருந்த ரயில் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகு அவள் இன்னும் அதில் ஏறவில்லை. ஆனால் எங்கள் ஊர் ரயில் சாயங்காலம்தான் மதுரைக்குக் கிளம்பும். ஆஸ்பத்திரிக்கோ காலையிலேயே போய் வரிசையில் உட்காரவேண்டும். பஸ்சில்தான் போனார்கள். நான் சென்னையிலிருந்து நேராக அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கண்ணில் மருந்து ஊற்றி, இருட்டறையில் உட்காரவைத்து, புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லி ஒரு சோதனை செய்தார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. அக்காவின் விரல் பொத்தான்மேல் அசையாமல் இருந்தது. அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

டாக்டர் அம்மா நிதானமாகப் பேசினார். அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். ஆமாம், அத்தை மகன், மாமன் மகள் என்றேன்.

"விழித்திரை ஓரத்துல இருந்து பட்டுப்போயிக்கிட்டே வருதும்மா. இப்ப நடுவுல கொஞ்சம் இருக்கு. ஒரு குழாய் வழியாப் பாக்கிற மாதிரி இருக்கும் உங்களுக்கு."

"கண்ணாடி போட்டாச் சரியாயிருமா?" என்றார் மாமா.

"கண்ணாடிக்குச் சம்பந்தமில்லைங்க."

"ஆபரேசன்?"

டாக்டர் இல்லை என்று தலையை அசைத்தார். மாமா அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டு நின்றார். அக்காதான் முந்திக்கொண்டாள். "நடுவுல இருக்கிறதும் போயிருமா?"

"எப்பன்னு சொல்ல முடியாதும்மா. சிலருக்கு ரொம்ப நாள் இருக்கும்."

கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்கள். எனக்கும் அதே இருட்டறை, அதே பொத்தான். என் கண்ணில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாக்காரி ரெண்டு பேருக்கும் ஒரே கீரையத்தான போட்டா, பாரேன்" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வடை வாங்கிச் சாப்பிட்டோம். நானும் அவர்களோடு போடிக்குப் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு என் உதவியின் தன்மையே மாறிவிட்டது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டர்தான். அனுமதிப் பெட்டியை அவள் தேடவேண்டாம் என்று, அவளைக் கேட்காமலேயே நான் உள்ளே போகும்படி அமைத்துக்கொண்டேன். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினேன். மூலைகளில் இருந்ததையெல்லாம் நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறையும் அவள், "இப்பத் தேவலாம்டா" என்பாள். அந்தத் தேவலாம் சில வாரம் நிற்கும். பிறகு போன் வரும். ஓரங்களிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து இன்னும் நடுவுக்கு என்று நான் பொருள்களை நகர்த்திக்கொண்டே போனேன். கடைசியில் அவள் திரையில் மூன்று நான்கு படங்கள் மட்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சுற்றிலும் கறுப்பு.

"இதுவும் தெரியலைன்னா காய் பொறுக்கப் போயிர வேண்டியதுதான்" என்றாள் ஒருநாள். எங்கள் ஊரில் வேறு வேலை இல்லாத பெண்களெல்லாம் ஏலக்காய் ஸ்டோருக்குக் காய் பொறுக்கத்தான் போவார்கள். பச்சை ஒருபக்கம், வெளுத்தது ஒருபக்கம், வெடித்தது ஒருபக்கம். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போல. "அதுக்கும் கண்ணு வேணும்ல" என்று முடித்தாள்.

அந்த வருடம் அரைப்பரீட்சைக்குக் கேள்வித்தாள் அடிக்கிற வேலை வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பல வருடமாக அக்காவிடம்தான் கொடுப்பார். கையெழுத்துப் பிரதியை மாமா முந்தின நாள் சாயங்காலமே எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டிவிட்டார். அக்கா அதை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று விடுமுறை. "நீ சும்மா பாத்துக்கிட்டு இருடா. எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா மட்டும் கை கொடு" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தாள்.

"சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். சத்தம் முன்பு போலவே இருந்தது. படபடவென்று, நிற்காமல், வரி முடிகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி. என் திரையில் எழுத்துகள் ஓடின. தமிழ் எழுத்துகள்தான். ஆனால் அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் புள்ளியும் கண்டபடி கலந்து கிடந்தன. கை ஒரு கீ தள்ளி உட்கார்ந்திருந்தது. முதல் எழுத்திலிருந்தே தள்ளித்தான் இருந்தது.

அவள் நிறுத்தவில்லை. "மலைப்பயிர்கள் இரண்டின் பெயர்களை எழுதுக" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு குரலில் பழைய வேகம் வந்திருந்தது. இடையில் ஜன்னல் பக்கம் யாரோ போக, "என்னா மதினி, இம்புட்டு வெரசா?" என்று கேட்டாள். அடிப்பது நிற்கவில்லை. அடுத்த வரியில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த வரியும் போனது.

பக்கம் நிறைந்ததும், "எப்படி?" என்றாள்.

"அக்கா, கை ஒரு கீ தள்ளிப்போயிருச்சு."

"எங்கயிருந்து?"

"மொதல்ல இருந்து."

கீபோர்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள். "நீ பாத்துக்கிட்டேதான இருந்த?"

"ஆமாக்கா."

"சரி. எல்லாத்தையும் அழி. மறுபடி அடிக்கிறேன்."

அழித்தேன். இரண்டாவது முறை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "சரியா?" என்று மட்டும் கேட்டாள். நான் "சரி" என்றேன். அந்த ஒரு தாளுக்குச் சாயங்காலம் வரை ஆனது.

ஆள்காட்டி விரல்கள் உட்காருகிற இரண்டு கீயிலும் ஒரு சின்ன மேடு இருக்கும். வருடக்கணக்கில் அடித்து அக்காவின் கீபோர்டில் அது தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. விஷயத்தைக் கேட்ட மாமா ஏலக்காயை உடைத்து உள்ளேயிருந்து இரண்டு ஏலரிசியை எடுத்துப் பசை வைத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டார். கொஞ்ச நாள் அது உதவியது. அப்புறம் விரல் வேர்வையில் உதிர்ந்துபோகும், திரும்ப ஒட்டுவார். "அடிக்க அடிக்க பாயாசம் வாசம் வருதுடா" என்பாள் அக்கா.

ஆனால் நடுவில் இருந்ததும் போய்க்கொண்டிருந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருளைப் போட்டுக்கொடுத்தேன். அதை நம்பி நான் ரொம்பப் பேசிவிட்டேன். கண் இல்லாதவர்கள் இதை வைத்துப் பெரிய பெரிய வேலையெல்லாம் செய்கிறார்கள் என்றேன். அது பொய்யும் இல்லை. அக்கா பரபரப்பாகத் தன் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்தாள். ஒரு பெண் குரல் ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக உளற ஆரம்பித்தது.

"யாருடா இவ? என்னாத்த உளறுறா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா இத்தனை வருடமாக அடித்ததெல்லாம் பழைய எழுத்துருவில். பார்ப்பதற்குத் தமிழாகத் தெரியும். உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அது தமிழ். குரலுக்கு அது வெறும் உளறல். அவள் சேர்த்து வைத்திருந்த அத்தனை கோப்புகளும் அப்படித்தான்.

புது எழுத்துருவில் அடித்தால் குரல் வாசிக்கும். கீகள் அதே இடத்தில் இருக்கும்படி அமைத்துக்கொடுத்தேன். அடித்துப் பார்த்தாள். குரல் வாசித்தது. ஊர்ப் பெயரை அடித்ததும், "போடி" என்றது.

"பாத்தியா, வந்த அன்னைக்கே என்னையப் போடிங்கிறா" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

கேள்வித்தாளை அந்தக் குரலை வைத்து ஒப்பேற்றலாம். பத்திரிகை அடிக்க முடியாது. பிள்ளையார் படம் எங்கே நிற்கிறது, பூ வேலைப்பாடு எந்தப் பெயரின் மேல் விழுகிறது என்று குரலுக்குத் தெரியாது. அவள் அடித்ததை நான் வாங்கி, இங்கிருந்தே இடம் பார்த்து வைத்துக்கொடுத்தேன். என் வேலைநேரத்தில் அது முடியாமல் போகும். பத்திரிகை வேலை கொடுக்கிற அச்சகக்காரர் மத்தியானம் கேட்பார், நான் சாயங்காலம் தருவேன். அவர் நல்ல மனிதர், முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. "இப்ப சீசன் இல்லம்மா" என்றார். தை மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்று சொன்ன மனிதர் ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒருநாள் அந்தக் குரல் நிற்காமல் பேச ஆரம்பித்துவிட்டது. எந்தக் கீயை அமுக்கினாளோ, திரையில் இருக்கிற ஒவ்வொன்றையும் சொல்லி முடித்துத் திரும்ப முதலிலிருந்து சொன்னது. அக்கா மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் பூப்பாறைப் பக்கம் எங்கோ, டவர் இல்லாத இடத்தில். என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் வேறு ஏதோ தேசத்து மனிதருக்கு அவர் பிரிண்டரைப் பற்றிப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். எடுக்க முடியாது. நான் திரும்பக் கூப்பிட்டபோது வீடு அமைதியாக இருந்தது.

"பிளக்கப் புடுங்கிட்டேன்" என்றாள். "அதுவரைக்கும் நானும் கத்திக்கிட்டு இருந்தேன்டா அவகூட. எனக்கே சிரிப்பா வந்துச்சு." அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் பொங்கலுக்குப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டீச்சரம்மாவின் கேள்வித்தாள் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். நான் வந்தது தெரியவில்லை. திரை இருட்டாக இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது.

தோளைத் தொட்டேன். "என்னக்கா, மானிட்டர் போயிருச்சா?"

"இல்லடா. அணைச்சு வச்சிருக்கேன். சும்மா எதுக்குக் கரண்டு?"

"எப்ப இருந்து?"

"அது ஆச்சு, தீவாளிக்கு முன்னாடி இருந்து."

தீபாவளிக்குப் பிறகு எத்தனையோ தடவை நான் உள்ளே போயிருந்தேன். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற படங்கள். நேரம் செலவழித்து அவற்றின் இடத்தை மாற்றி, நிறத்தை மாற்றி, "இப்ப எப்படிக்கா?" என்று கேட்டிருக்கிறேன். அவளும் "இப்பத் தேவலாம்டா" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நாளும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். நூற்றுக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ ஆசையாச் செஞ்ச. எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

மறுநாள் மாமா எங்கள் இருவரையும் ஜீப்பில் மேலே கூட்டிப்போனார். பொங்கல் லீவு என்பதால் லோடு இல்லை. வளைவுக்கு வளைவு அக்கா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது புலியூத்து. இனிமே ஒரு பெரிய வளைவு வரும்" என்று உடம்பாலேயே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். போடிமெட்டில் இறங்கி, கீழே சமவெளி தெரிகிற இடத்தில் நின்றோம். நல்ல வெயில். தேனி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. தென்னந்தோப்பு, குளம், ரோட்டில் ஊர்கிற பஸ்சு, எல்லாம்.

"மஞ்சு எறங்கிருச்சா?" என்று மூடுபனியைப் பற்றிக் கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். "ஆமா, ஒரே மஞ்சுதான். ஒண்ணும் தெரியல" என்றார்.

"பொய் சொல்லாதீக. வெயிலு முதுகச் சுடுது."

மாமா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ சொல்வதற்காகக் கடைப்பக்கம் போனார். அக்கா சமவெளிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கீழே இருந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். குளத்தில் தண்ணீர் இருக்கிறது, ஒரு லாரி நிற்கிறது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "போதும்டா, வா" என்றாள்.

டீச்சரம்மா அந்தக் கோடையோடு ரிட்டையர் ஆனார். பிறகு வந்தவர்கள் தாங்களே போனில் அடித்துக்கொண்டார்கள். வேலை கேட்டு யாரிடமும் போக அக்காவுக்கு மனமில்லை. நானும் இரண்டு மூன்று இடத்தில் சொல்லிப் பார்த்தேன். கண் தெரியாதவர்களுக்கான பயிற்சி ஒன்று மதுரையில் இருப்பதாகத் தெரிந்தது. தங்கிப் படிக்கவேண்டும். "மாமாவுக்கு விடியக்காலம் யாரு கட்டுச்சோறு கட்டுவா?" என்று கேட்டு அதை முடித்துவிட்டாள். கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றார் மாமா. அவள் மசியவில்லை. பயம்தான் என்று எனக்குத் தெரியும். புது இடம், புதுப் படிக்கட்டு, புது வாளி. இந்த வீட்டில் எந்தச் சுவர் எங்கே என்று அவள் கை ஏற்கெனவே படித்து வைத்திருந்தது. அதையும் விட்டுவிட்டு எங்கே போவது?

கம்ப்யூட்டரை மூடித் துணி போட்டாகிவிட்டது. போனாவது இருக்கட்டும் என்று அதில் பேசினால் வேலை செய்கிற வசதியை அமைத்துக்கொடுத்தேன். இங்கிருந்தே, மாமாவை விட்டு அமுக்கச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. அக்கா போனிடம், "மாமாவுக்குப் போடு" என்றாள். அது எங்கள் பெரியகுளத்து மாமாவுக்குப் போட்டது. அவருக்குக் காது மந்தம். எங்கள் குடும்பத்தில் பாதி ஆண்கள் மாமாதான். பிறகு பெயர் வைத்துச் சொல்லப் பழக்கினேன். கட்டினவர் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்குக் கூசியது. சொன்னாலும் எங்கள் ஊர்ப் பேச்சு அந்தப் போனுக்குப் பிடிபடவில்லை. செய்தி வாசிப்பது போல, "அழைக்கவும்", "நிறுத்தவும்" என்று சொல்லவேண்டியிருந்தது. சமையலறையில் நின்றுகொண்டு, "நிறுத்தவும், நிறுத்தவும்" என்று அவள் போனைக் கெஞ்சுவது ஒருநாள் எனக்கே கேட்டது. யாருக்கோ தவறிப் போட்டுவிட்டு நிறுத்தத் தெரியாமல் நின்றிருக்கிறாள். அந்த யாரோ நான்தான்.

"அக்கா, நான்தான். சொல்லு."

"நீயா? நான் மாமாவக் கூப்பிட்டேன்." அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "இது வேணாம்டா எனக்கு. நீ கஷ்டப்பட்டுச் செய்யிற. தெரியுது. எனக்கு வேணாம்."

"இன்னும் ஒரு வழி இருக்குக்கா. நான் இப்ப உள்ள வந்து..."

"வேணாம் அப்பு. விட்டுரு."

அந்த வாரமே மாமா கடைத்தெருவில் ஒரு பட்டன் போன் வாங்கிவந்தார். ஐந்தாம் நம்பரில் ஒரு மேடு இருக்கும். அதை வைத்து மற்றதைத் தடவிக்கொள்ளலாம். ஒன்றை அழுத்திப் பிடித்தால் மாமா, இரண்டை அழுத்திப் பிடித்தால் நான். கடைக்காரரே அமைத்துக் கொடுத்துவிட்டார். அதில் திரை என்று இருப்பது கட்டைவிரல் அளவுதான். நான் உள்ளே நுழைய அதில் எந்த வழியும் கிடையாது.

இப்போது அவள்தான் கூப்பிடுகிறாள். மேலே மழை பிடித்துக்கொண்டது, ஜீப்பு கிளட்சு போய்விட்டது, ஏலச்செடியில் அழுகல் விழுந்து ஆட்களுக்கு வேலை குறைந்துவிட்டது என்று சொல்வாள். ஏதாவது பிரச்சினை என்றால் சொல்லு என்று முன்பெல்லாம் நான் முடிப்பது வழக்கம். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

போன வாரம் கேட்டேன். "கண்ணு எப்படிக்கா இருக்கு?"

"ஜன்னலு எங்க இருக்குன்னு தெரியும்டா, வெயிலடிச்சா." பிறகு, "இன்னைக்கு வெயிலில்ல" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.